கால் வலிக்கு நடைப்பயிற்சி: முதலில் எந்தக் குழாய் என்று தெரிந்துகொள்வோம்

மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரகடம் கூட்டுச்சாலையில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் பலர் முதல் பத்து அடியை மெதுவாகத்தான் எடுத்து வைப்பார்கள். எட்டு மணி நேரம் லைனில் நின்ற கால் அது. ரூமுக்குப் போய் சேஃப்டி ஷூவைக் கழற்றினால் கணுக்காலில் சாக்ஸ் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். "நின்னுக்கிட்டே வேலை பார்த்தா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

கூடவே ஒரு அறிவுரையும் எல்லோரும் சொல்வார்கள்: "வெயிட்டைக் குறை, தினமும் நட, சரியாப் போயிடும்." இந்த அறிவுரை பாதி சரி. காலில் ரத்த ஓட்டம் குறைவது என்பது ஒரே நோயல்ல. முக்கியமாக இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் நடைதான் நல்ல மருந்து. ஆனால் நடக்கும் முறை வேறு, ஓய்வு எடுக்கும் முறை வேறு. ஒருவருக்கு நல்லது செய்வது இன்னொருவரின் காலையே கெடுத்துவிடலாம். அதைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

பஸ்ஸில் இரண்டு பேர்

புரிந்துகொள்வதற்காக இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் 29 வயதுப் பெண். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்று வேலை. குழந்தை பிறந்த பிறகு எடை 74 கிலோ ஆகிவிட்டது. மாலையில் கால் கனக்கும், வீங்கும். கெண்டைக்காலில் நீலநிறத்தில் நரம்பு சுருண்டு தெரிகிறது. டாக்டர் இறுக்கமான காலுறை போடச் சொன்னார். போட்டதும் நல்ல சுகம்.

இன்னொருவர் 54 வயது செக்யூரிட்டி அண்ணன். பத்து வருடமாகச் சர்க்கரை. இருபது வயதிலிருந்து பீடி. கேட்டிலிருந்து பின்பக்க குடோன் வரை நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும். ரெண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடும்.

"அண்ணே, எனக்கும் இதே கால் வலிதான். இந்த சாக்ஸ் போட்டதும் குறைஞ்சிடுச்சு. உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தரட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்கிறார். நல்ல மனசுதான். ஆனால் அந்தக் காலுறை அண்ணனுக்கு ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

பாடம் 1: வரும் குழாயும் போகும் குழாயும்

இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டு வரும் குழாய் தமனி. காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பக் கொண்டு போகும் குழாய் சிரை.

கீழிருந்து மேலே ரத்தம் ஏறுவது சுலபமில்லை. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இருக்கும். நடக்கத் தொடங்கினால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காரணம் கெண்டைக்கால் தசை. ஒவ்வொரு அடிக்கும் அது சுருங்கி, சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் கீழே இறங்காமல் சிரைக்குள் இருக்கும் சிறு வால்வுகள் மூடிக்கொள்கின்றன. மருத்துவர்கள் கெண்டைக்காலை 'இரண்டாவது இதயம்' என்று சொல்வது இதனால்தான்.

ஒரே இடத்தில் நின்றால் இந்தப் பம்ப் ஓடாது. வருடக்கணக்கில் அப்படி நின்றால் சிரை விரியும், வால்வு சரியாக மூடாது, ரத்தம் கீழே தேங்கும். இதுதான் அந்தப் பெண்ணுக்கு இருப்பது. நாம் 'நரம்பு சுருட்டல்' என்று சொல்கிறோமே, அது உண்மையில் நரம்பு அல்ல, சிரை. பரம்பரை, கர்ப்பகாலம், அதிக எடை ஆகியவையும் காரணங்கள்.

செக்யூரிட்டி அண்ணன் கதை வேறு. அவருக்கு வரும் குழாயில் கொழுப்பு படிந்து பாதை குறுகிவிட்டது. உட்கார்ந்திருக்கும்போது வரும் ரத்தம் போதும். நடந்தால் தசை கூடுதல் ரத்தம் கேட்கும். அது கிடைக்காததால் வலிக்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைவாகப் போகும் காலை இறுக்கமான காலுறையால் அழுத்தினால், வருகிற கொஞ்ச ரத்தமும் தடைப்பட்டுப் புண் வரலாம். தங்கைக்கு மருந்தாக இருப்பது அண்ணனுக்கு ஆபத்தாவது இப்படித்தான்.

பாடம் 2: உங்களுக்கு எந்த வகை?

கீழே உள்ளவை சந்தேகத்துக்கான அடையாளங்கள் மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

சிரைக் கோளாறாக இருந்தால்:
• நேரம் ஆக ஆகக் கால் கனக்கும், மாலையில் வீங்கும், காலையில் வடிந்திருக்கும்.
• காலைத் தூக்கி வைத்தால் சுகம், தொங்கவிட்டால் கஷ்டம்.
• நடந்தால் பெரும்பாலும் வலி குறையும்.
• கணுக்காலின் உள்பக்கத் தோல் கருத்து, அரிப்பு எடுக்கலாம்.

தமனி அடைப்பாக இருந்தால்:
• குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்காலோ தொடையோ பிடிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விடும்.
• பாதம் சில்லென்று இருக்கும், முடி உதிரும், புண் ஆறத் தாமதமாகும்.
• இரவில் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் சுகம் தெரிந்தால், நோய் முற்றிவிட்டது என்று பொருள். அப்போது பயிற்சி தொடங்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

சிலருக்கு இரண்டுமே இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருந்தால் தமனி அடைத்திருந்தும் வலியே தெரியாமல் போகலாம். வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், தைராய்டு, யானைக்கால் போன்ற காரணங்களும் உண்டு. அதனால் 'எனக்கு இதுதான்' என்று நாமே முத்திரை குத்திக்கொள்ளக் கூடாது.

மருத்துவர் முதலில் பாதத்தின் மேலேயும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு ஒரு எளிய பரிசோதனை. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.7. பொதுவாக 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தமனி அடைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். 1.4-க்கு மேல் போனால் குழாய் இறுகிப்போயிருக்கலாம். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடம் இது காணப்படும். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. காலுறை வாங்கும் முன் இந்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

பாடம் 3: சிரைக் கோளாறு உள்ளவர்களுக்கான பயிற்சி

இவர்களின் நோக்கம் பம்பை அடிக்கடி ஓட வைப்பது. ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போய்விட்டு எட்டு மணி நேரம் அசையாமல் நிற்பதைவிட, நின்ற இடத்திலேயே அடிக்கடி அசைவதுதான் நல்லது.

• லைனில்: அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், 15 முதல் 20 முறை. ஷூவுக்குள்ளேயே செய்யலாம், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.
• பஸ்ஸில்: உட்கார்ந்தபடி முன்பாதத்தை மேலே, கீழே என்று 20 முறை அசையுங்கள். கால்மேல் கால் போட வேண்டாம்.
• இடைவேளையில்: ஐந்து நிமிடமாவது நடந்துவிட்டு வந்து உட்காருங்கள்.
• ரூமில்: படுத்துக்கொண்டு காலை இதயத்தைவிட உயரமாக 15 நிமிடம் வையுங்கள். இரண்டு தலையணை போதும். முடிந்தால் ஒரு நாளில் மூன்று முறை.
• வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிட நடை. நீச்சல், சைக்கிளும் நல்லது.

காலுறையைக் கால் அளவெடுத்து, டாக்டர் சொன்ன இறுக்கத்தில் வாங்க வேண்டும். காலையில் எழுந்ததும், வீங்கும் முன்பே போட வேண்டும். இரவு ஷிப்ட்காரர்களுக்குத் தூங்கி எழும் நேரம்தான் காலை.

பாடம் 4: தமனி அடைப்பு உள்ளவர்களுக்கான நடை

இங்கே முறை வேறு. 'வலி வந்தால் நடக்காதே' என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் நடக்காமல் விட்டால் தசை மெலிந்து, நடக்கும் தூரம் இன்னும் குறையும். கொஞ்சம் வலிக்கும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடப்பதுதான் உலகம் முழுவதும் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முறை. டாக்டர் சம்மதம் தந்த பிறகு இப்படிச் செய்யுங்கள்:

1. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் வலி தொடங்கும் வேகத்தில் நடங்கள்.
2. வலிக்கு 0 முதல் 5 வரை நீங்களே மார்க் போடுங்கள். 3 அல்லது 4 வந்ததும் நின்றுவிடுங்கள். 5 வரை இழுத்துப் பிடிக்க வேண்டாம்.
3. வலி முழுதாக விடும்வரை உட்காருங்கள், அல்லது நில்லுங்கள்.
4. மறுபடி நடங்கள். ஓய்வு நேரத்தையும் சேர்த்து முதலில் 30 நிமிடம். வாரம் போகப் போக 45, 50 நிமிடம்.
5. வாரத்தில் குறைந்தது மூன்று நாள், குறைந்தது 12 வாரம்.

இந்த வலி தசை ரத்தம் கேட்கும் வலி. 'நடந்தால் கால் கெட்டுப்போகும்' என்று பயப்பட வேண்டாம். தொடர்ந்து நடக்கும்போது, கிடைக்கும் ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தசை பழகுகிறது. அடைப்பைச் சுற்றிச் சிறு பக்கவழிக் குழாய்களும் உதவிக்கு வரலாம். அடைப்பு அப்படியே இருந்தாலும் நடக்கும் தூரம் கூடும்.

உங்கள் போன் இங்கே நல்ல உதவியாளர். ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, வலி தொடங்கிய நிமிடத்தைத் தினமும் குறித்து வையுங்கள். முதல் வாரம் மூன்று நிமிடமாக இருந்தது ஆறாம் வாரம் ஐந்து நிமிடம் ஆனால், அதுதான் உங்கள் வெற்றி. அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று எச்சரிக்கை. காலில் புண் இருந்தாலோ, ஓய்விலும் வலி இருந்தாலோ இந்தப் பயிற்சி வேண்டாம். காலில் அடைப்பு உள்ளவர்களுக்கு இதயக் குழாயிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்துங்கள். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்காதீர்கள், பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நடப்பது? வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருட்டில் நடக்காதீர்கள். கம்பெனி வளாகம், ஹாஸ்டல் வளாகம், குடியிருப்புத் தெரு நல்லது. ஸ்ரீபெரும்புதூர் ஊருக்குள் இருப்பவர்களுக்கு ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் அதிகாலையில் வசதி. நிற்கவும் உட்காரவும் இடம் இருக்கும் பாதையாகத் தேர்ந்தெடுங்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்ட 18,720 படுக்கைகள் கொண்ட சிப்காட் மகளிர் விடுதி போன்ற பெரிய விடுதிகளில் இருப்பவர்கள் நாலு பேராகச் சேர்ந்து வளாகத்துக்குள்ளேயே நடக்கலாம்.

பாடம் 5: நடை காலுக்கு, தட்டு எடைக்கு

எடை குறைந்தால் இரண்டு வகைக்காரர்களுக்கும் லாபம். வயிற்றுக் கொழுப்பு குறைந்தால் சிரை மேல் அழுத்தம் குறையும். தமனி அடைப்பு உள்ளவருக்கு ஐந்து கிலோ குறைவது என்பது, ஐந்து கிலோ அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு நடப்பது போல.

ஆனால் நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறையாது. ஒரு டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம், அதாவது 40 கலோரி. ஒரு நாளைக்கு ஐந்து டீ என்றால் 200 கலோரி. இதைச் செலவழிக்க 70 கிலோ எடையுள்ளவர் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். வலியோடு விட்டுவிட்டு நடப்பவருக்கு இன்னும் அதிக நேரம். டீயில் சர்க்கரையை நிறுத்துவது இதைவிடச் சுலபம் அல்லவா?

இலக்கைச் சின்னதாக வையுங்கள். இப்போதைய எடையில் 5 சதவீதம். 74 கிலோ என்றால் 3.7 கிலோ. வாரத்துக்கு அரை கிலோ வீதம் ஏறக்குறைய எட்டு வாரம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது என்பது இந்தியர்களுக்கான அளவு. தராசு இல்லாவிட்டாலும் தையல் டேப் போதும்.

• கேன்டீன் தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன்.
• சோற்றுக்கு இரண்டாம் முறை போகும் முன் பத்து நிமிடம் பொறுங்கள்.
• இரவு ஷிப்டில் முக்கியச் சாப்பாட்டை ஷிப்ட் தொடங்கும் முன் சாப்பிடுங்கள். நடுராத்திரிக்குச் சுண்டல், மோர், ஒரு பழம். ஷிப்ட் முடிந்து பரோட்டாக் கடையில் வண்டியை நிறுத்தும் பழக்கத்தை வாரம் ஒருமுறையாகக் குறையுங்கள்.
• பட்டினி வேண்டாம். தசையும் சேர்ந்து கரையும். நமக்குத் தேவை கெண்டைக்கால் தசைதானே!

பாடம் 6: பீடியும் ஷூவும்

தமனியைக் கெடுப்பதில் புகையிலைக்கு முக்கியப் பங்கு. பீடி, சிகரெட் பிடிக்கும் இளைஞர்களுக்கே விரல் நுனி கருத்துப்போகும் பர்கர் நோய் என்று ஒன்று உண்டு. அதற்குப் புகையிலையை முழுதாக விடுவதுதான் முதல் சிகிச்சை. 'ஒரு நாளைக்கு ரெண்டுதான்' என்பதெல்லாம் கணக்கில் சேராது. விட நினைப்பவர்கள் 1800 112 356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

சேஃப்டி ஷூ விரலை அழுத்தினால் அளவு மாற்றிக் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஷூவுக்குள் கைவிட்டு, உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். தினமும் பாதத்தின் அடிப்பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் பாருங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் புதுக் கொப்புளம் தெரிந்துவிடும். கால் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது, வெந்து புண்ணாகிவிடும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

• திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்து, அசைக்க முடியாமல் போனால் தமனி முழுதாக அடைபட்டிருக்கலாம். காலைக் காப்பாற்ற உள்ள நேரம் சில மணி நேரம்தான்.
• ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சுத் திணறினால் உயிருக்கே ஆபத்து. காலைத் தேய்த்துவிடாதீர்கள்.
• விரல் கருத்தாலோ, புண்ணில் நாற்றம் வந்தாலோ.

முதல் இரண்டுக்கும் உடனே 108. மூன்றாவதுக்கு அன்றைக்கே மருத்துவமனை. 'ஷிப்ட் முடியட்டும்' என்று காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்கான சேவைகள்

• ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. பணியிடங்களிலும் பரிசோதனை நடத்தப்படுகிறது. உங்கள் கம்பெனியில் முகாம் எப்போது என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.
• சர்க்கரை உள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தின் கீழ் பாதப் பரிசோதனை கேட்கலாம்.
• சிறப்புச் சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. உங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் பரிந்துரைக் கடிதம் வாங்கிச் செல்லுங்கள்.
• மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், தகுதி உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணப்பயனாகக் கிடைக்கும். உங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று உமங் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.
• குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். விவரங்களுக்கு 1800 425 3993.
• வெளியே போக முடியாத நாளில் இ-சஞ்சீவனி செயலியில் மருத்துவரிடம் வீடியோவில் இலவசமாகப் பேசலாம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104.
• 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. முழுத் தூரமும் நடக்க வேண்டியதில்லை, உங்கள் காலுக்கு ஏற்ற அளவு போதும்.

உட்காருவதும் உங்கள் உரிமைதான். நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவே சொன்னது. அதற்குப் பதிலாக வந்துள்ள 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. கடைகள், நிறுவனங்களில் வேலை செய்வோருக்குத் தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத் திருத்தம் செய்து இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. உங்கள் லைனில் ஸ்டூல் இல்லையென்றால் பாதுகாப்புக் குழுவிலோ மேற்பார்வையாளரிடமோ தயங்காமல் கேளுங்கள்.

மறுபடி அந்தப் பஸ்ஸுக்கு வருவோம். அந்தப் பெண் அண்ணனுக்குக் காலுறை வாங்கித் தர வேண்டாம். "அண்ணே, நாளைக்கு டூட்டி முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கணுக்காலிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தக் கட்டுரையைப் படித்த நீங்களும் கால் வலிக்கிறது என்று சொல்லும் ஒருவரிடம் அதையே சொல்லுங்கள். எந்தக் குழாய் என்று தெரிந்த பிறகு, அவரவருக்கு உரிய முறையில் நடப்போம்.